சாவிக்கொத்து டார்ச்: பட்டன் செல்லா, ரிமோட் பேட்டரியா, சார்ஜ் போடுவதா?

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டம் காரையாற்றுக் காட்டில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்களுக்கு வெளிச்சத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். நிலா இல்லாத ராத்திரி, தலைக்கு மேல் காட்டு மரம், காலுக்குக் கீழே ஆற்றுக் கல். குடும்பத்துக்கு ஒரு பெரிய டார்ச் கட்டாயம் இருக்கும்தான். ஆனால் பிள்ளை நடுராத்திரியில் எழுந்து ஒதுங்க வேண்டும் என்று சொல்லும்போது அது மாமாவின் பையில் எங்கோ அடியில் கிடக்கும். இடுப்பிலோ பாக்கெட்டிலோ எந்நேரமும் கூடவே இருப்பது சாவிக்கொத்து ஒன்றுதான். அதில் தொங்குகிற டார்ச்சை நான் மதிப்பது இதற்காகத்தான். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது பட்டன் செல் போட்டது. விரலால் அழுத்தினால் எரியும். எடை இருப்பதே தெரியாது, விலையும் குறைவு. உள்ளே பெரும்பாலும் சிஆர்2032 அல்லது சிஆர்2016 என்ற 3 வோல்ட் லித்தியம் செல் இருக்கும். சும்மா வைத்திருந்தால் பல வருஷம் தாங்கும். ஆனால் தொடர்ந்து எரிய விட்டால் வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும். அந்தச் செல்லில் அவ்வளவு வேகமாக மின்சாரத்தை உறிஞ்ச முடியாது. சாவித் துவாரம் தேட, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் விழுந்ததை எடுக்க இது போதும், முகாமுக்குக் காணாது. இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மூடி திருகாணியால் இறுக்காத வகையை வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். வாந்தி வரவைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இரண்டாவது, டிவி ரிமோட்டில் போடுகிற டிரிபிள் ஏ பேட்டரி ஒன்றைப் போட்டு எரிப்பது. சுண்டுவிரல் அளவு அலுமினியக் குழாய், தலையைத் திருகினால் எரியும். வெள்ளை எல்.ஈ.டி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், இந்த பேட்டரியோ 1.5 வோல்ட்தான். அதனால் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று தலைக்குள் இருக்கும். அது நல்லதாக இருந்தால் பேட்டரி தீரும் வரை வெளிச்சம் அவ்வளவாகக் குறையாது. நல்ல ஆல்கலைன் பேட்டரியில் 1000 எம்ஏஎச் (பேட்டரி கொடுக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) வரை கிடைக்கும். சிஆர்2032-இல் 220 எம்ஏஎச்தான். வோல்ட் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தாலும் இது இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

எனக்கு இந்த வகை பிடிக்க முக்கியக் காரணம் பெட்டிக்கடை. பாபநாசத்திலோ களக்காட்டிலோ விக்கிரமசிங்கபுரத்திலோ ரிமோட் பேட்டரி கேட்டால் இல்லை என்று சொல்கிற கடை அபூர்வம். பட்டன் செல்லுக்கு வாட்ச் கடையைத் தேட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஆல்கலைன் பேட்டரியை உள்ளேயே மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசியும். திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அது காரம் என்பதால் காது குடைகிற பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு நன்றாகக் காயவைத்தால் பல டார்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும். லித்தியம் டிரிபிள் ஏ வாங்கினால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை, எடையும் குறைவு, விலைதான் கூடுதல். அப்புறம், திருகுகிற டார்ச்சுக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் வாளி, மறு கையில் பிள்ளை என்றால் சிரமம்தான்.

அந்த இடத்தில் ஜெயிப்பது மூன்றாவது வகை, யுஎஸ்பி சார்ஜ் போடுவது. கட்டைவிரலால் பட்டனை அமுக்கினால் போதும். மங்கல், நடுத்தரம், பிரகாசம் என்று படிகள் இருக்கும். தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் போன் சார்ஜரிலேயே இதையும் மாட்டிவிடலாம். பேட்டரிச் செலவே இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற செல் மிகச் சின்னது. முழுப் பிரகாசத்தில் பல மாடல்கள் ஒரு மணி நேரத்தைத் தொடாது. சில வருஷத்தில் செல் தளர்ந்துவிட்டால் பெரும்பாலானவற்றில் மாற்றவும் வழி கிடையாது. சார்ஜ் துவாரத்தை மூடும் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் ஆற்று மணலும் தண்ணீரும் உள்ளே போகும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் பவர் பேங்க்கில் மிச்சம் இருக்கிறதெல்லாம் போனுக்குத்தான் போகும், போக வேண்டும். டார்ச்சுக்கு அலமாரியில் இரண்டு ரிமோட் பேட்டரி இருந்தால் கவலை இல்லை.

போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஊருக்குள் சரி. மலைக்குள் போன் சிக்னல் தேடித் தேடியே பாதி சார்ஜை இழந்துவிடும். மிச்சத்தை வெளிச்சத்துக்குச் செலவழித்தால் அவசரத்துக்குப் பேச எதுவும் இருக்காது. ஈரக் கையோடு ஆற்றங்கரையில் போனை நீட்டிக்கொண்டு நிற்பதும் நல்லதில்லை.

வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது அதிகபட்ச லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று. நான் பார்க்கச் சொல்வது குறைந்தபட்சம் எவ்வளவு என்று. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். பளீரென்ற ஒரு வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். குடிலுக்குள் வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்கு நடுவே போர்வை தேட ஒன்றிரண்டு லூமென் தாராளம். யார் கண்ணும் கூசாது, பேட்டரியும் பல மணி நேரம் வரும். தண்ணீர் புகாமல் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் என்ற எண்ணால் குறிப்பார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஆற்றில் விழுந்து எடுத்தாலும் எரிய வேண்டும் என்றால் ஐபிஎக்ஸ்7 அல்லது 8 பார்த்து வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வயல், தோப்பு, மலையடிவாரம் என்று இருக்கிறவர்களும் வருஷம் ஒருமுறையாவது காரையாற்றில் தங்குகிறவர்களும் டிரிபிள் ஏ டார்ச் வாங்குங்கள், மங்கலான படி உள்ளதாகப் பார்த்து. பாளையங்கோட்டையில் வீடு, ஆபீஸ், பைக் என்று இருப்பவருக்கு யுஎஸ்பி வகைதான் தோது. பட்டன் செல் டார்ச்சை ஆச்சியின் சுருக்குப் பைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். அழுத்தினால் எரியும், அவர்களுக்குச் சுலபம்.

எதை வாங்கினாலும் ராத்திரி வரப்பிலோ காட்டுப் பாதையிலோ நடக்க இதை மட்டும் நம்ப வேண்டாம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகக் குறையும். கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில்தான். நாலு எட்டுக்கு முன்னாலேயே அது தெரிய வேண்டும். அதற்குப் பெரிய டார்ச்சே சரி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதித்த இடத்தைத் தாண்டி எந்த டார்ச்சோடும் போகக் கூடாது. தீர்ந்த பேட்டரியைக் குடில் போட்ட இடத்திலோ ஆற்றிலோ போடாமல் அதே பையில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.