சைகோன், ஹோய் ஆன், ஹாய் ஃபோங்: எந்த ஊர் பான் மி?

வியட்நாமின் சாண்ட்விச்சான பான் மி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது ரொட்டியைத்தான். மேல்தோல் மெல்லிசாக இருந்து, கடித்ததும் நொறுங்க வேண்டும். உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டியை வியட்நாமியர்கள் இப்படி இலேசாக்கிக்கொண்டதால்தான் இறைச்சியும் ஊறவைத்த முள்ளங்கி, கேரட்டும் கொத்தமல்லித்தழையும் அதற்குள் ஒன்றாகச் சேர்கின்றன.

சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், எல்லாரும் கைகாட்டுவது ஹுயின் ஹோவா கடையை. பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்து, ஈரல் விழுதான பாட்டேயும் வெண்ணெயும் தாராளமாகத் தடவித் தருவார்கள். கையில் வாங்கும்போதே கனம் தெரியும். ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் நாலு வாய் சாப்பிட்ட பிறகு ரொட்டியின் ருசியைத் தேட வேண்டியிருக்கிறது.

அதே ஊரில் காவ் தாங் தெருவில் இருக்கிறது ஹோவா மா. என் ஓட்டு இதற்குத்தான். 1954இல் நாடு இரண்டான பிறகு ஹனோயிலிருந்து தெற்கே வந்த தம்பதி 1958இல் தொடங்கிய கடை. அந்தக் காலத்தில் ரொட்டி தனியாக, இறைச்சியும் பாட்டேயும் தனியாகத் தட்டில் வரும். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஏது நேரம்? எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்த முன்னோடிகளில் இவர்களும் உண்டு.

இன்றைக்கு அங்கே கூட்டம் வருவது ஓப் லாவுக்கு. பக்கத்துச் சந்தில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தால், சின்ன வாணலியில் இரண்டு முட்டை, வதங்கிய வெங்காயம், இறைச்சித் துண்டுகள் எல்லாம் சுர்ரென்று சத்தத்தோடு வந்து இறங்கும். ரொட்டி தனி. பிய்த்து மஞ்சள்கருவில் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். பொருக்குகள் மடியெல்லாம் உதிரும். ரொட்டியின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஹோய் ஆனில் ஃபூங் கடை. 2009இல் அமெரிக்கச் சமையல் கலைஞர் அந்தோணி போர்டேன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் புகழ்ந்த பிறகு பேர்போன கடை. இங்கே குழம்பும் தழைகளும்தான் விசேஷம். ஊருக்குப் பக்கத்திலேயே ச்சா கே என்ற காய்கறிக் கிராமம் இருப்பதால் தழைக்குப் பஞ்சமில்லை. ஒரே குறை, குழம்பு ஊறிவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும். அறைக்கு எடுத்துப் போகாமல் கடை வாசலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

ஹாய் ஃபோங்கில் கிடைப்பது இரண்டு விரல் பருமனில் குச்சி மாதிரி ரொட்டி. உள்ளே பாட்டேயும் காரச் சட்னியும் மட்டும். இது மாலை நேரத்துக் கொறிப்பு. காலைப் பசிக்கு ஈடுகொடுக்காது.

நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழி கேட்டாலும் முட்டை கேட்டாலும் பல கடைகளில் பாட்டே தடவிவிடுவார்கள். அது பெரும்பாலும் பன்றி ஈரல். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவம் வேண்டுமென்றால் 'chay' (சை) என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். பௌர்ணமியன்று வியட்நாமியர் பலர் தாங்களே சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குக் கிடைப்பது இன்னும் சுலபம்.

அப்புறம், ஹோவா மா காலைக் கடை. மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். எட்டு மணிக்குள் போய்ச் சந்தில் ஒரு ஸ்டூலைப் பிடித்துவிடுங்கள்.