முதுநகர் பட்டறையில் செய்த வில்

என் நண்பன் பண்ருட்டிப் பக்கம் ஒரு கூத்துக் குழுவில் ஆடுகிறான். இந்த வருஷம் ‘வில் வளைப்பு’ கூத்தில் அவனுக்கு அர்ச்சுனன் வேஷம். குழுவிடம் இருந்த வில்லோ பிளாஸ்டிக் குழாயில் ஜிகினாத்தாள் சுற்றியது. அதை அவன் தூக்கினாலே திரௌபதி வேஷக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவாராம். சரி, நிஜமாகவே வளைகிற வில் ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கடலூர் முதுநகரில், துறைமுகச் சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தச்சுப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கட்டில் கால்கள் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். தேக்கில் செய்து தரச் சொன்னேன். ஆசாரி சிரித்துவிட்டார். “தேக்கு கதவுக்கு, தம்பி. வளையணும்னா மூங்கில்தான்.” தடித்த கல் மூங்கில் ஒன்றைப் பிளந்து, ஐந்தடிப் பட்டை எடுத்தார். வெளித்தோலில் உளி படவே விடவில்லை. வில்லை வளைக்கும்போது முதுகுப் பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது தோலை ஒட்டிய நார்தான். அது அறுந்தால் அங்கிருந்தே பிளக்கும். இழைப்பு எல்லாம் உள்பக்கம் மட்டும். நடுவில் பிடிக்கு ஒரு தேக்குத் துண்டை ஒட்டினார். (என் தேக்கு ஆசையும் தீர்ந்தது.)

அப்புறம் நடந்ததுதான் பார்க்க வேண்டிய வேலை. பிடியைச் சுவரில் இருந்த முளையில் மாட்டி, நாணைக் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இழுத்துக்கொண்டே நாலடி தள்ளி நின்று பிடிக்கு மேலும் கீழுமாக நீளும் வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்தார். மேல்கை விறைப்பாக இருந்தது. அங்கே இரண்டு சீவல், மறுபடி இழுப்பு, மறுபடி ஒரு சீவல். மதியச் சாப்பாடு வரைக்கும் இதுவேதான். அவசரப்பட்டு ஒரே இடத்தில் சீவினால் அங்கே மட்டும் மடிந்து போகும் என்றார். கடைசியில் எனக்கும் அரத்தைக் கொடுத்து நாண் மாட்டுகிற நுனிக்காடிகளைப் போடவிட்டார். என் காடி கோணல்தான், இருக்கட்டும்.

நாணுக்குத் துறைமுகம் பக்கம் வலைக் கடையில் நைலான் நூல் வாங்கினேன். இது என் தப்பு. நைலான் இழுபட்டுத் தொய்கிறது. அடிக்கடி அவிழ்த்து முறுக்கேற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் பாலியெஸ்டர் நூலாகக் கேட்டு வாங்குங்கள்.

அலங்காரத்துக்கு இந்தப் பட்டறையை நம்ப வேண்டாம். ஆசாரிக்கு அதில் ஆர்வமே இல்லை. நானே வீட்டில் வில் முழுக்கக் கண்ணாடிச் சில்லு ஒட்டி, சிவப்பு எனாமல் அடித்தேன். முதல் தடவை நாண் ஏற்றியதும் சில்லுகள் படபடவென்று தெறித்தன. ஒன்று சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது. எனாமலும் வரிவரியாக வெடித்தது. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, வளையாத இடங்களான பிடியிலும் நுனியிலும் மட்டும் கண்ணாடி வைத்தேன். வளைகிற கைகளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுநூல் சுற்று. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அதுவே போதும் என்று நண்பன் சொல்லிவிட்டான்.

மரம், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அதில் குறையில்லை. குறை நாள் கணக்கில்தான். நாலு நாளில் தருகிறேன் என்றவர் 11 நாள் எடுத்தார். போன் அடித்தால் எடுப்பதும் இல்லை. ஆனால் வில்லைக் கையில் தரும்போது இரண்டு விஷயம் கறாராகச் சொன்னார். அம்பில்லாமல் முழுசாக இழுத்து விடக்கூடாது, அந்த வேகம் வில்லையே உடைத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். நண்பனிடம் அப்படியே ஒப்பித்தேன். “மேடையில் சும்மா ‘டங்’கென்று தட்டிக்கொள்கிறேன், போதுமா?” என்றான்.

போவதாக இருந்தால் காலையில் போங்கள். அமாவாசை அன்று பட்டறை பூட்டியிருக்கும்.