மதுரையில் ஒரு பிளாக்குக்காக அலைந்தது

அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது பிளாக்கைப் பற்றித்தான். அகற்றிய மார்பகக் கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்து, எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். கீமோ வேண்டுமா, ஹார்மோன் மாத்திரையே போதுமா என்பதற்கு அந்தத் துண்டுதான் துப்பு.

அக்காவுடையது ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை; எச்இஆர்2 என்ற புரதம் மிகையாக இல்லாததால் எச்இஆர்2 நெகட்டிவ்; அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவவில்லை. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்டவர்களில் 21 மரபணுப் பரிசோதனையான ஆன்கோடைப்பில், நோய் திரும்பும் அபாயத்தைக் காட்டும் மதிப்பெண் 25 வரை வந்தால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது. ஆனால் பிளாக் அமெரிக்காவுக்குப் போக வேண்டும், செலவு லட்சங்களில். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற பரிசோதனை, கட்டியின் 5 புரதங்களோடு அதன் அளவு, கிரேடு, நெறிக்கட்டி நிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. செலவும் குறைவு. அதையே செய்வோம் என்றார் டாக்டர்.

நான் இருக்கும் லண்டனில் பிளாக் ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்துக்குத் தானாகவே போய்விடும். இங்கே நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். சரி, கொடுத்தால் போதுமே! "ஸ்லைடு மட்டும்தான் தருவோம் சார்" என்றது ஒரு கவுண்டர்; ஸ்லைடு என்பது பிளாக்கிலிருந்து சீவிய மெல்லிய படலம் ஒட்டிய கண்ணாடித் துண்டு. பில்லிங்கில் டாக்டர் கடிதம் கேட்டார்கள். கடிதத்தோடு போனால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நின்ற அதே நிற்பு. அக்காவோ, "விடு தம்பி, நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாள். சிகிச்சை தள்ளிப்போவது அவளுக்கு அல்லவா? எனக்குக் கொதித்தது.

கடைசியில் நோயியல் துறை டாக்டர் அம்மா ஒருவர்தான் எழுந்து வந்தார். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பிளாக்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாக, நகத்தளவில் சதை. "இதில் கொழுப்புதான் அதிகம், கட்டி குறைவு, இதைக் கொண்டுபோங்கள்" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறியது 6 மணி நேரத்துக்குக் குறைந்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டினாலும் முடிவை நம்ப முடியாது என்று சொல்லி, ஊறிய நேரத்தையும் எழுதித் தந்தார். லண்டனில் எந்த நோயியல் மருத்துவரின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

குறைந்த அபாயம் என்று முடிவு வந்தது. கீமோ இல்லை, மாத்திரைதான். பிளாக் திரும்பி வந்ததும் மருத்துவமனையில் ஒப்படைக்காதே, வெயில் படாத இடத்தில் நீயே வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.