மர வளையக் கீற்றுகளுக்காகவே வாங்கலாம்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பழங்காலத்துக் காலநிலையை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று செய்துகாட்ட ஆன்லைனில் ஒரு செய்முறைப் பெட்டி வாங்கினேன். விலை 1,850 ரூபாய். உள்ளே மர வளையங்கள் (ஆண்டுக்கு ஒன்று வளரும்) அச்சடித்த அட்டைக் கீற்றுகள், பனிக்கட்டி மாதிரி என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், மகரந்தப் படங்கள், ஒரு கையேடு.

கீற்றுகள் அருமை. ஒன்று அண்மையில் வெட்டிய மரம், இன்னொன்று பழைய வீட்டு உத்தரம், மூன்றாவது இடிபாட்டில் எடுத்த கட்டை. முதல் கீற்றுக்கு மட்டும்தான் ஆண்டு தெரியும். அகல வளையமும் குறுகிய வளையமும் வரும் வரிசையைப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றைத் தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும். நாலைந்து வளையம் ஒத்துப்போனதுமே "கிடைச்சிருச்சு மிஸ்!" என்று சத்தம் வரும். அடுத்த வளையம் உதைக்கும். மறுபடி தள்ளுவார்கள். சரியான இடம் சிக்கியதும் கடைசி வரை கச்சிதமாக உட்காரும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் மர வளைய ஆய்வின் முன்னோடி ஏ. இ. டக்ளஸ் செய்ததும் இதுதான். உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிப் போகும் ஒரு வரிசையும், பாழடைந்த பழங்குடிக் குடியிருப்புகளின் கட்டைகளிலிருந்து ஆண்டு தெரியாத இன்னொரு வரிசையும் அவரிடம் இருந்தன. நடுவில் இடைவெளி. 1929இல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த ஒரு கருகிய உத்தரம் (எச்.எச்.-39 என்று எண்ணிட்டது) இரண்டையும் இணைத்தது. கையேட்டில் இந்தக் கதையே இல்லை. நீங்களாவது சொல்லுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கையேட்டின் பெரிய குறை வேறு. "அகல வளையம் என்றால் வெப்பமான ஆண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். குளிர் மிகுந்த மலை உச்சியில் வளரும் மரத்துக்கு அது சரி. அரிசோனா போன்ற வறண்ட இடத்தில் அகல வளையம் மழை நன்றாகப் பெய்த ஆண்டைக் காட்டும். மரத்துக்கு எது பற்றாக்குறையோ, வளையம் அதைத்தான் பதிவு செய்கிறது. இதை விட்டுவிட்டால் பாடமே தப்பாகிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் திருத்தம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பனிக்கட்டிக் குழாயில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வெறும் வண்ண மெழுகு அடுக்குகள், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. குமிழிதானே முக்கியம்! அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனிக்கட்டியில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று அடைபட்டிருக்கிறது. அவ்வளவு காலமும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டவில்லை. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவீடுகளை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இணையத்தில் இலவசமாகவே தருகிறது. குழாயை எடுத்து வைத்துவிட்டு, அந்த எண்களைக் கொடுத்து வரைபடத் தாளில் வரையச் சொன்னேன். கோடு கடைசியில் செங்குத்தாக ஏறும்போது யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகரந்தப் படங்கள் எல்லாம் ஓக், பைன் என்று ஐரோப்பிய மரங்கள். நம்மூர்ச் சான்று எதுவும் பெட்டியில் இல்லை. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த தாவரங்களின் கார்பனை ஆராய்ந்து, கடந்த பனியுகத்தின் உச்சத்தில் அங்கே வறட்சி நிலவியதையும் வறண்ட சூழலுக்கேற்ற புற்கள் பரவியிருந்ததையும் சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் 1993இலேயே வெளியிட்டார்கள். அடுத்த பதிப்பில் அதற்கு ஓர் அட்டை சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.