காந்தி எழுதிய கார்டு என்று விற்கிறார்கள், உஷார்

பழைய கடிதங்கள் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. காந்தி கைப்பட எழுதிய போஸ்ட் கார்டு என்று ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. விலை 65 ஆயிரம். அதற்கு அட்வான்ஸாகக் கொடுத்த என் 15 ஆயிரம் போனது போனதுதான்.

விற்பவர் நாணயக் கண்காட்சிகளில் கடை போடுகிறவர். பேச்சில் தேன் ஒழுகும். முதலில் அனுப்பிய போட்டோவில் எழுதிய பக்கம் மட்டும் இருந்தது. மேலே சபர்மதி, 14-10-1931. கதர் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே 'பாபு'. முகவரிப் பக்கத்தைக் கேட்டால், "அந்தக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார், அட்வான்ஸ் போடுங்க, காட்டறேன்" என்றார். பணம் போய்ச் சேர்ந்ததும் மறுபக்கம் வந்தது. அச்சடித்த தபால் தலையில் ராஜா முகம். மழமழவென்று, தாடியே இல்லை.

1931இல் ராஜா ஐந்தாம் ஜார்ஜ், தாடிக்காரர். தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததே 1936 டிசம்பரில்தான். அதை விடுங்கள், அந்த அக்டோபரில் காந்தி இந்தியாவிலேயே இல்லை. வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போய், கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்தார். 1930 மார்ச் 12 அன்று தண்டிக்குக் கிளம்பும்போதே, சுயராஜ்யம் கிடைக்காமல் சபர்மதி ஆசிரமத்துக்குத் திரும்புவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

இதைக் கேட்டதற்கு, "முன்னாடியே எழுதி வெச்சிருப்பார் சார்" என்று பதில் வந்தது. ஆறாம் ஜார்ஜ் கார்டிலா? அப்புறம் சர்டிஃபிகேட்டைக் காட்டினார். அது அவருடைய லெட்டர்பேடிலேயே அடித்தது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி இன்னும் சில 'காந்தி கடிதங்களின்' படங்களை அனுப்பினார். எல்லாம் அதே கை.

இந்த வேலை புதிதல்ல. ஜெர்மனியில் ஷ்டெர்ன் பத்திரிகை 93 லட்சம் மார்க் கொட்டி வாங்கி 1983இல் வெளியிட்ட ஹிட்லர் டைரிகளைக் கையெழுத்து நிபுணர்கள் அசல் என்றார்கள். அவர்களுக்கு மாதிரியாகத் தந்த தாள்களிலேயே போலி டைரியை எழுதிய கூயா என்பவரின் கைவரிசை கலந்திருந்தது. கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதம். போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த, புற ஊதா ஒளியில் பளிச்சிடும் வெண்மையூட்டி ரசாயனம் அதில் இருந்தது.

நம் ஆள் அந்த விஷயத்தில் கெட்டி. கார்டு நிஜமாகவே பழசு, புற ஊதா டார்ச் அடித்தாலும் பிடிபடாது. எழுதாத பழைய கார்டுகள் சல்லிசாகவே கிடைக்கின்றன. அதனால் தேதியையும் ஊரையும் முதலில் பாருங்கள். காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எந்த நாளில் எங்கிருந்து எழுதினார் என்று அவற்றை வைத்தே சரிபார்க்கலாம். கார்டின் இரண்டு பக்கமும் பார்க்காமல் யாருக்கும் பத்து பைசா அனுப்பாதீர்கள்.

"வெளிநாட்டுப் பார்ட்டி ரெடியா இருக்கு" என்றும் அவசரப்படுத்துவார். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 வருடம் தாண்டினால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் வேறொரு குழுவில் அதே கார்டு வந்தது. 1931இன் கடைசி 1க்கு மேல் ஒரு கோடு இழுத்து 1937 ஆக்கியிருக்கிறார்கள். ராஜா இப்போது பொருந்துகிறார். சபர்மதி அப்படியே இருக்கிறது. காந்தி அப்போது சேவாகிராமத்தில் குடியிருந்தார்.