மரபுவில்லுக்கு வான்கோழி டிகாய்: எதற்குக் காசு கொடுக்கலாம்

காட்டு வான்கோழியை ஏமாற்றி அருகே வரவழைக்க அமெரிக்க வேட்டைக் கடைகளில் விற்கும் டிகாய் பொம்மைகளின் பெட்டியைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வாக்குறுதிதான்: சேவல் ஓடி வரும். துப்பாக்கிக்காரருக்கு அது போதும். முப்பத்தைந்து கஜத்தில் சேவல் கழுத்தை நீட்டினாலே அவர் வேலை முடிந்துவிடும். ரீகர்வோ லாங்போவோ, கப்பியில்லாத எந்த மரபுவில்லோ வைத்திருப்பவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. சேவல் பத்து கஜத்துக்குள் வர வேண்டும். வந்த பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பியபடி இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லில் நாணை முழுக்க இழுத்ததும் பாரத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும், அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம். மரபுவில்லில் 50 பவுண்டு என்றால் கடைசி நொடிவரை அந்த 50 பவுண்டும் மூன்று விரலில்தான். இழுப்பதும் விடுவதும் ஒரே மூச்சு. வான்கோழியின் கண்ணுக்கு முன்னால் அந்த அசைவைச் செய்ய முடியாது.

ஆகவே இங்கே ஒவ்வொரு டிகாயையும் ஒரே கேள்வியால்தான் எடை போட்டிருக்கிறோம். சேவலை இது எந்தப் பக்கம் பார்க்க வைக்கும்? வேட்டைக்குப் பழக்கிக் கட்டி வைக்கும் விலங்கைப் பழந்தமிழில் ‘பார்வை’ என்பார்கள். இந்தச் சரக்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

முதலில் விடலைச் சேவல் பொம்மை. ஒரு வயது ஆணை அங்கே ஜேக் என்பார்கள், முதிர்ந்த சேவல் டாம். மரபுவில்லுக்கு ஒரே ஒரு பொம்மைதான் வாங்க முடியும் என்றால் ஜேக்கையே வாங்குங்கள். டாம் பெட்டைப் பொம்மையிடம் வந்தால் பத்துப் பதினைந்து கஜம் தள்ளி நின்று தோகை விரித்துக் காட்டி, அவள் தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். பெட்டைதான் சேவலிடம் போவது வழக்கம் என்பதால் அதன் கணக்கு சரி, நம் கணக்குதான் கெடும். விடலையிடம் அப்படி நிற்காது. நேராக வந்து முகத்துக்கு முகம் மோதப் பார்க்கும். பொம்மையின் முகம் உங்களை நோக்கி இருந்தால், அதற்கு எதிரே நிற்கும் டாமின் முகமும் நெஞ்சும் பொம்மையின் பக்கம், முதுகும் தோகையும் உங்கள் பக்கம். விரிந்த தோகை அதன் கண்ணுக்கும் உங்களுக்கும் நடுவே திரை மாதிரி நிற்கும். நாணை இழுக்க வேண்டிய நேரம் அதுதான்.

நல்ல ஜேக் பொம்மையைக் கழுத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மலிவான பொம்மைகளில் பலவும் கழுத்தைக் கம்பி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். நிஜப் பறவை அப்படி நின்றால் அது ஆபத்தைப் பார்த்துவிட்டது, அடுத்த விநாடி ‘பட் பட்’ என்று எச்சரித்துவிட்டு ஓடும். வருகிற டாம் அதைப் பார்த்தால் தானும் நின்றுவிடும். கழுத்து சற்று வளைந்து, உடம்பு ஏறக்குறைய கிடைமட்டமாக, இறகு கால்வாசியோ அரைவாசியோ சிலிர்த்திருக்கும் உருவம்தான் சரி. வாலையும் பாருங்கள். விடலையின் விசிறியில் நடு இறகுகள் மட்டும் ஓரத்தைவிட நீண்டு துருத்தும். முதிர்ந்த சேவலின் விசிறி ஓரம் ஒரே வளைவாக இருக்கும். இந்தப் படிக்கட்டு இல்லாத பொம்மை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், விடலை அல்ல.

ஓரிகானைச் சேர்ந்த டேவ் ஸ்மித் நிறுவனத்தின் ஜேக் இந்த விஷயத்தில் முன்னால் நிற்கிறது. உடல் தடித்த வார்ப்பு. மடங்காது, காற்றடிக்கும் வேலையும் இல்லை. வில்லாளிக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு, துப்பாக்கிக்காரர் எழுதும் மதிப்புரைகளில் அது வராது. டாம் பொம்மையோடு ஒட்டி நிற்கும்போது விட்ட அம்பு பறவையைத் துளைத்துக்கொண்டு பொம்மைக்குள்ளும் போகலாம். தடித்த வார்ப்பில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான், பொம்மை நின்றுகொண்டே இருக்கும். குறை என்றால் பருமன். முதுகில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் வில்லும் அம்புக்கூடும் எடுத்துக்கொண்டு இருட்டில் புதர் வழியே நடந்து பார்த்தால் தெரியும். விலையும் குறைவில்லை. இந்த ரகப் பொம்மைகள் நூறு டாலரைத் தாண்டிவிடும்.

ஏவியன்-எக்ஸ் பொம்மைகளில் பல காற்றடிக்கும் ரப்பர் ரகம். வண்ணமும் இறகு வரியும் அருமை, காற்றை இறக்கிவிட்டால் பையில் அடங்கும். ஆனால் அகல முனை அம்பு ஒன்று பட்டால் அன்றைக்கு அந்தப் பொம்மையின் வேலை முடிந்தது. குளிர்ந்த விடியலில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உடல் தொய்வதும் உண்டு. சூடான அறையில் ஊதி வைத்த பொம்மை களத்தில் சற்று வாடித் தெரிந்தால் ஓட்டை என்று பயப்பட வேண்டாம், இன்னும் இரண்டு மூச்சு ஊதினால் போதும். பெட்டை பொம்மை வாங்குபவருக்கு இந்த ரகத்தையே சொல்வோம். அதன் பக்கம் அம்பு போகும் வாய்ப்பு குறைவு.

மான்டானா டிகாய் விற்கும் துணிப் பொம்மைகளில் உண்மைப் பறவையின் புகைப்படத்தை அச்சிட்டு எஃகுச் சுருள் சட்டத்தில் பூட்டியிருப்பார்கள். முறுக்கினால் தட்டையாக மடங்கும், எடையே தெரியாது. தூரம் நடப்பவருக்கு வரம். தட்டைப் பொம்மையின் சிக்கல் கோணம். பக்கவாட்டில் பறவை, நேர்முகத்தில் ஒரு கோடு. சுற்றி வருகிற டாம் ஒரு கட்டத்தில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கும், பறவை திடீரென்று மறைந்த மாதிரி இருக்கும். இரண்டு தட்டைப் பொம்மைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக நட்டால் எப்போதும் ஒன்றாவது தெரியும்.

இருபது முப்பது டாலர் மடிப்பு நுரைப் பொம்மை கெட்டதா? பெட்டைக்குப் பரவாயில்லை. மடித்த தடம் முதுகில் பள்ளமாக நின்றுவிடும். முதல்நாள் மதியம் வெயிலில் வைத்தால் ஓரளவு எழும், உள்ளே பழந்துணி திணித்தால் இன்னும் எழும். பளபளக்கும் வண்ணம்தான் பெரிய தொல்லை. பனித்துளி படிந்த பிளாஸ்டிக் முதல் வெயிலில் கண்ணாடி போல மின்னும். மினுக்கமில்லாத தெளிப்பு வண்ணத்தை மெல்லிசாக ஒரு பூச்சு அடித்து, வாசனை போக ஒரு வாரம் வெளியில் வைத்தால் தீரும்.

தோகை விரித்த முழுச் சேவல் பொம்மையை மரபுவில்லுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். பிரைமோஸின் பி-மொபைல் போன்றவற்றில் நிஜ விசிறியைச் செருகலாம், தூரத்திலிருந்து பிரமாதமாகத் தெரியும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரிய டாம் அதைப் பார்த்து ஓடி வந்து உதைக்கவும் செய்யும். ஆனால் காட்டில் அதிகம் இருப்பவை அடி வாங்கிப் பழகிய இரண்டு வயதுச் சேவல்கள். அவை விரித்த தோகையைப் பார்த்ததும் அறுபது கஜத்திலேயே திரும்பிப் போய்விடும். துப்பாக்கிக்கே எட்டாத தூரம், வில்லுக்கு என்ன செய்யும்? பொம்மை பெரிதாக ஆக, வராமல் போகும் பறவைகளும் அதிகமாகும்.

டிகாயில் உண்மை இறகைச் சேர்ப்பது ஒன்றும் இன்றைய யோசனை அல்ல. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்த கோரைப்புல்லால் செய்த வாத்துப் பொம்மைகளுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு, அவற்றிலும் நிஜ இறகு வைத்திருந்தார்கள்.

பெட்டை பொம்மையில் தரையோடு பதுங்கிப் படுத்த ரகம் மிகப் பயனுள்ளது. தரையில் ஊன்றி நிறுத்தும் முளை தேவையில்லை, காற்றில் சுழலாது. அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு அடியில் ஜேக்கை நிறுத்தினால், விடலை தன் பெட்டையை மிதிக்கப் போகிறான் என்று டாமுக்குப் படும். மேய்வது போலத் தலை குனிந்த பெட்டையும் நல்லதுதான். தலை நிமிர்ந்த பெட்டை ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி முளை. எத்தனை டாலர் பொம்மையானாலும் உடன் வரும் உலோக முளை ஒரு காற்றுநாளில் அதைக் காற்றாடி ஆக்கிவிடும். கொஞ்சம் அசைவது உயிர்க்களை, முழுச்சுற்று சுற்றினால் காரியம் கெட்டது. வாலுக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டுவிடுங்கள். பொம்மை அந்த இடைவெளிக்குள் மட்டும் ஆடும், முகம் எப்போதும் நீங்கள் வைத்த திசையிலேயே இருக்கும். முளைத்துண்டுகள் பையில் ஒன்றோடொன்று உரசி ஒலிக்காமல் துணிநாடா சுற்றுங்கள். டாம் உதைத்து முளையிலிருந்து கழற்றுவது சகஜம், எனவே குழிக்குள் முளை இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வைக்கும் முறை இது. ஜேக் உங்களிடமிருந்து எட்டு கஜம், முகம் உங்களை நோக்கிச் சற்றுச் சாய்வாக. பெட்டை அதிலிருந்து ஒரு கஜம் தள்ளி, முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம். துப்பாக்கி வழக்கப்படி இருபது கஜத்தில் வைத்தால், ஐந்து கஜம் பின்னால் தயங்கி நிற்கும் சேவல் இருபத்தைந்தில் நிற்கும், மரபுவில்லுக்கு அது ஆசை மட்டுமே. எட்டில் வைத்தால் தயங்கினாலும் பதின்மூன்று. வலக்கைக்காரர் உட்கார்ந்தபடி இடப்பக்கம்தான் எளிதாக எய்ய முடியும் என்பதால் பொம்மைகளை நேர்முன்னால் அல்லாமல் சற்று இடப்பக்கம் வையுங்கள். சேவல் வரும் பாதை, பொம்மை, நீங்கள் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால், பொம்மையைப் பார்க்கும் கண் உங்களையும் சேர்த்தே பார்க்கும். கூடாரம் இல்லாமல் மரத்தடியில் உட்காருபவருக்கு இந்தக் கோட்டைத் தவிர்ப்பது உயிர்நாடி.

அடர்ந்த காட்டுக்குள் பொம்மை திடீரென்று பதினைந்து கஜத்தில் முளைத்தால் டாம் மிரளும். எழுபது எண்பது கஜத்திலிருந்தே கண்ணில் பட்டு, நடந்து வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வரும்படி புல்வெளி ஓரம், பழைய மரம்வெட்டிப் பாதை போன்ற இடங்கள்தான் தகும். அழைப்புக் குரலுக்கு வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வு ஊதலே சிறந்தது, இரண்டு கையும் வில்லில் இருக்கும்.

மறைப்புக் கூடாரத்துக்குள் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். கண்ணுக்கு ஜன்னல் முழுவதும் வெளியாகத் தெரியும், அம்போ கண்ணுக்குக் கீழே சில அங்குலத்தில் இருக்கிறது. முனை ஜன்னலின் கீழ்விளிம்பில் இடித்து அம்பு எங்கோ போகும். பருவத்துக்கு முன்பே முக்காலியில் உட்கார்ந்து, அதே ஜன்னல் வழியே, அதே எட்டுப் பத்துக் கஜத்துக்கு எய்து பாருங்கள். 66 அங்குல லாங்போவின் மேல்முனை கூரைத் துணியில் தட்டும், கீழ்முனை முக்காலியில் தட்டும். 58 அங்குல ரீகர்வைச் சாய்த்துப் பிடித்தால் தப்பும். பின்பக்க ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கட்டும், சட்டை, கையுறை, முகமூடி கறுப்பு.

டாம் தோகையைத் திரையாக்கி நிற்கும் அந்த விநாடியில் எங்கே குறி வைப்பது? வான்கோழியின் உயிர்நிலை கைக்குள் அடங்கும் அளவுதான், நினைப்பதைவிடப் பின்னால் இருக்கும். முதுகு காட்டி விரித்து நின்றால் தோகை உடலோடு சேரும் அடிப்புள்ளி. பக்கவாட்டில் என்றால் காலின் கோட்டை மேலே தொடர்ந்து இறக்கை உடலில் சேரும் இடம். சிலிர்த்த இறகு உடம்பை இரண்டு மடங்காகக் காட்டும், அந்த உருண்டையின் நடுவைக் குறிவைத்தால் அம்பு நெஞ்சு இறகை மட்டும் துளைத்துப் போகும். முனை அகலமாக, சவரக்கத்திக் கூர்மையில், அசையாத கத்தி அலகு கொண்டதாக இருக்கட்டும். விரியும் முனைகளுக்கு மரபுவில்லின் வேகம் போதாமல் போகலாம், கூடார வலை வழியே எய்தாலும் அவை சிக்கும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலபாமாவில் 2022 வசந்தகாலப் பருவத்தின் முதல் பத்து நாள் டிகாயே கூடாது என்று விதி இருந்தது. மின்மோட்டார் பொம்மைக்குப் பல இடங்களில் தடை. விசிறியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தவழ்ந்து போகும் உத்தி பொதுநிலத்தில் உயிருக்கே ஆபத்து, அந்தத் தோகையைக் குறிபார்க்கும் இன்னொரு வேட்டைக்காரர் இருப்பார். பென்சில்வேனியாவில் வசந்தகாலச் சேவலை அழைத்து வரவழைக்கத்தான் அனுமதி, பதுங்கிப் பின்தொடரக் கூடாது. பொம்மையைத் தூக்கிச் செல்லும்போது தலை வெளியே நீட்டக் கூடாது, செம்மஞ்சள் பைக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். உங்கள் உடையிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டாம். சேவலின் தலைநிறம் அதுதான்.

நிஜ விசிறி சேர்ப்பதாக இருந்தால் அடிக்கட்டையில் இறைச்சியும் கொழுப்பும் ஒரு துணுக்குகூட இல்லாமல் சுரண்டி, வெண்காரப் பொடியைத் தாராளமாக அப்பி, அட்டையில் விரித்து ஊசி குத்தி இரண்டு மூன்று வாரம் உலர விடுங்கள். விடலைப் பொம்மைக்கு விடலையின் விசிறிதான். முதிர்ந்த டாமின் வட்ட விசிறியைச் செருகினால், காசு கொடுத்து வாங்கிய ஜேக்கை நீங்களே பயமுறுத்தும் பெரிய சேவலாக மாற்றிவிடுவீர்கள்.