லோயரிங் ஸ்பிரிங்னு சொல்லி 68,500 ரூபாயை ஏமாத்திட்டாங்க: பழைய கார் வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு

பத்மினி, அம்பாசடர், காண்டசா, ஹெரால்டுன்னு பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாரும் இதைப் படிங்க. வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தித் தரச் சொல்லி ஒரு கடையில 68,500 ரூபாய் கொடுத்தேன். அவங்க என் வண்டியோட சொந்த ஸ்பிரிங்கையே வெட்டி, நீல பெயின்ட் அடிச்சு, திரும்ப மாட்டிக் கொடுத்திருக்காங்க. நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது. இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. இந்த வேலைக்கு வண்டியை விடுறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில எழுதுறேன்.

கடை பேரை இப்போ போடல. புகார் கொடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சென்னைப் புறநகர்ல இருக்கிற, பழைய கார்களை மட்டும் எடுத்து மாடிஃபிகேஷன் பண்ற கடை. ரீல்ஸ்ல நல்லா பளபளன்னு வண்டிகளைக் காட்டுவாங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டி என் தாய்மாமா வச்சிருந்த 1984 மாடல் பத்மினி. ஓட்டினவங்களுக்குத் தெரியும், முன்னாடி காயில் ஸ்பிரிங் (சுருள் கம்பி), பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கா வளைஞ்ச இரும்புப் பட்டை). நம்ம ஊர் ரோட்டுக்குன்னே கொஞ்சம் உயரமா நிக்கும், வளைவுல திருப்பினா பாடி ஒரு பக்கமா சாயும். ஒன்றரை இன்ச் தாழ்த்தி, நல்ல ஷாக் (ஷாக் அப்சார்பர்) போட்டா அந்தச் சாய்வு குறையும், பார்க்கவும் அம்சமா இருக்கும். நான் கேட்டது அந்த ஒன்றரை இன்ச் மட்டும்தான். தரையில உரசுற மாதிரி வேணும்னு கேட்கவே இல்ல.

கடைக்காரர் பேசின பேச்சை நான் மறக்கவே மாட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்து, "1089 சிசி, இன்னும் ஒரிஜினல் இன்ஜினா தம்பி? பத்திரமா வச்சிருக்கீங்க"ன்னார். உள்ள எட்டிப் பார்த்து, ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிற கியர் லீவரை ஒருதரம் தடவிப் பார்த்தார். "எங்க அப்பா இதே வண்டியில டாக்ஸி ஓட்டினார்"ன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் உள்ள போய் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். அதுக்குள்ள பிளாஸ்டிக் உறையில ரெண்டு ஸ்பிரிங். நீலக் கலர், ரெண்டு முனையும் தட்டையா, சுத்தமா கிரைண்ட் பண்ணியிருந்தது. "இது இத்தாலில இருந்து வருது. நம்ம பத்மினி அங்க ஃபியட் 1100 தானே, அதுக்குச் செய்யற லோயரிங் ஸ்பிரிங் இது. கையில பிடிச்சுப் பாருங்க"ன்னு என் கையில கொடுத்தார். பிடிச்சுப் பார்த்தேன். நல்ல கனம். நம்பாம இருக்க அங்க ஒரு காரணமும் இல்ல. பத்மினி உற்பத்தி நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த மாதிரி சாமான் இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது, வெளிநாட்டுல இருந்துதான் வரணும். அவர் சொன்னது எல்லா விதத்துலயும் பொருத்தமா இருந்தது.

ஸ்பிரிங்குக்கு 32,000. நாலு கேஸ் அடைச்ச ஷாக், தாழ்த்தின வண்டிக்குன்னே நீளம் குறைச்சது, 22,000. பின்னாடி லீஃப் ஸ்பிரிங்கோட வளைவைக் குறைச்சு செட் பண்றது, கூலி எல்லாம் சேர்த்து 14,500. மொத்தம் 68,500. முன்பணமா 40,000 கொடுத்தேன், வண்டி எடுக்கும்போது மிச்சம் 28,500.

வண்டி எடுத்த அன்னைக்குக் கழட்டின பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன். "அதை எதுக்கு தம்பி, காயலான் கடைக்குப் போட்டாச்சு"ன்னார். பில்லுல "சஸ்பென்ஷன் ஒர்க் – 68,500"ன்னு ஒரே வரி.

முதல்லயே பள்ளத்துல இறங்கினா முன்னாடி இரும்புல இரும்பு அடிக்கிற சத்தம். போன் பண்ணினேன். "புது ஸ்பிரிங், செட் ஆக கொஞ்ச நாள் பிடிக்கும்." மறுபடி பண்ணினேன். "உங்க ஊர் ரோடு அப்படி." பின்சீட்ல ஆள் உக்கார்ந்தா வண்டி பின்னாடி அமுங்கி, வேகத்தடையில சைலன்சர் தட்டுதுன்னேன். "ஃபேமிலியை ஏத்தாதீங்க, இது ஷோ வண்டி"ன்னார். குடும்பத்தோட போற வண்டின்னு முதல் நாளே அவர்கிட்ட சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் போனை கடைப்பையன்தான் எடுப்பான், "ஓனர் வெளியூர்ல இருக்கார்." வாட்ஸ்அப்ல வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

போன வாரம் ஜிஎஸ்டி ரோட்டுல, அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு பாலத்தோட இணைப்புல ஏறி இறங்கினப்போ முன்னாடி இடது பக்கம் 'டொம்'னு விழுந்த மாதிரி சத்தம். ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்துச்சு. பின்சீட்ல என் மனைவியும் பொண்ணும் இருந்தாங்க. வேகம் கம்மியா இருந்ததால ஓரங்கட்ட முடிஞ்சுது. 68,500 ரூபாயை விட எனக்கு வயிறு எரியறது இதுக்குத்தான்.

நேத்து எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஜாக்கி வச்சுத் தூக்கினார். வீல் கீழ தொங்கினதும் ஸ்பிரிங் அது உக்கார்ற சீட்ல (கிண்ணம் மாதிரியான இடம்) நிக்காம லொடலொடன்னு கையாலயே ஆடுது. வெளிய எடுத்து ஸ்க்ரூடிரைவரால நீல பெயின்டைச் சுரண்டினார். அடியில பழைய கறுப்புப் பெயின்ட், அதுக்கும் கீழ துரு அரிச்ச குழி. ஒரு முனை ஒழுங்கா இருக்கு, இன்னொரு முனை கேஸ் வச்சு வெட்டின பிசிறோட இருக்கு. கடைசிச் சுருளைச் சூடாக்கி அமுக்கியிருக்காங்க. இன்னும் கொஞ்சம் சுரண்டினப்போ பக்கத்துல பக்கத்துல ரெண்டு சென்டர் பஞ்ச் (இரும்புல குறி போடுற கூர்முனைக் கருவி) புள்ளி. போன வருஷம் புஷ் மாத்தும்போது இடது பக்க ஸ்பிரிங்குன்னு அடையாளத்துக்கு அண்ணன் தன் கையால அடிச்ச புள்ளி அது. "தம்பி, இது உன் ஸ்பிரிங்தான்டா"ன்னார். எனக்குப் பேச்சே வரல.

ஷாக்கும் அதே கதைதான். கேஸ் ஷாக்கா இருந்தா ராடை அமுக்கி விட்டா தானா மெதுவா எழும்பி வரணும். இது அமுக்கின இடத்துலயே நின்னுச்சு. மஞ்சள் பெயின்டுக்கு மேல ஆயில் கசிஞ்சு மண் அப்பியிருக்கு. பின்னாடி லீஃப் ஸ்பிரிங்ல வளைவை யாரும் தொடவே இல்ல, ஒரு பிளேட்டை உருவிட்டு மிச்சத்தைக் கட்டியிருக்காங்க. வண்டி அமுங்காம என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை வெட்டினா வண்டி தாழும், அதுல சந்தேகமில்ல. ஆனா சுருள் குறைஞ்சா மிச்சம் இருக்கிறது விறைப்பாகும், நீளமும் போயிடும். வீல் பள்ளத்துல தொங்கும்போது சீட்டுக்கு எட்டாது, திரும்ப ஏறும்போது இடம் மாறி உக்காரும். பாலத்துல எனக்கு விழுந்த சத்தம் அதுதான்னு அண்ணன் சொன்னார். சூடாக்கின இடத்துல எஃகோட டெம்பரும் (உறுதியும்) போயிடும், நாளாக நாளாக அமுங்கும், இல்லன்னா உடையும். முறையான லோயரிங் ஸ்பிரிங்கை, உயரம் குறைஞ்சாலும் தொங்கும்போது சீட்டை விட்டு விலகாத மாதிரி கணக்குப் பண்ணித்தான் சுத்துவாங்க. இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. தெரிஞ்சேதான் செஞ்சிருக்கார்.

ராத்திரியே பஞ்ச் புள்ளியோட போட்டோ எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை அவரே கூப்பிட்டார். "தம்பி, வண்டியை மாடிஃபை பண்றதே சட்டப்படி தப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு. போலீசுக்குப் போனீங்கன்னா உங்க வண்டிதான் உள்ள போகும்"ன்னார். 68,500 ரூபாயை எண்ணி வாங்கும்போது அந்த 52ஆம் பிரிவு அவர் ஞாபகத்துக்கு வரல! அட்டைப்பெட்டியில காட்டின ஸ்பிரிங் எங்கன்னு கேட்டேன். போனை வச்சுட்டார்.

இன்னைக்குக் காலையில தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 68,500 ரூபாயையும் திரும்ப வாங்காம விடமாட்டேன்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ முடியல, அண்ணன் ஸ்பிரிங் தேடி புதுப்பேட்டைக்குக் கூப்பிடறார். அவசரத்துக்கு இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கழட்டின பழைய சாமானை உங்க கண்ணு முன்னாடி டிக்கியில போடச் சொல்லுங்க, தரமாட்டேன்னா மிச்சப் பணத்தைக் கொடுக்காதீங்க. வண்டியை விடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்லயும் ஷாக்லயும் நீங்களே ஒரு அடையாளம் போட்டு போட்டோ எடுங்க. பில்லுல ஒவ்வொரு சாமானும் தனித்தனியா வரணும். வேலை முடிஞ்சதும் ஜாக்கி வச்சு வீலைத் தொங்கவிட்டு ஸ்பிரிங் ஆடுதான்னு கையால பிடிச்சுப் பாருங்க.

ஒரு விஷயம் அவசரம். அந்தக் கடையோட இன்னைக்கு ஸ்டேட்டஸ்ல ஒரு வெள்ளைப் பத்மினி நிக்குது, அதே நீல ஸ்பிரிங், அதே மஞ்சள் ஷாக். அது யாரோட வண்டின்னு தெரிஞ்சவங்க தயவு செஞ்சு அவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. ஸ்பிரிங்கைக் கழட்டிப் பார்க்காம வண்டியை ஹைவேக்கு எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.